நாடியும் நரம்பும்: கொங்கு நாட்டு முதியோர் மென்பயிற்சியின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து சில வட்டங்கள் பிரிக்கப்பெற்று 2009ஆம் ஆண்டில் அமைந்த திருப்பூர் மாவட்டம், பனியன் தொழிலால் உலகறிந்த பெயருடையது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டை முதலிய ஊர்களில் கதிரவன் எழுமுன்னரே முதியோர் பலர் மனவளக்கலை மன்றங்களில் கூடி, கைகளைச் சுழற்றியும் கால்களை மடக்கி நீட்டியும் மூச்சினை மெல்ல இழுத்து விட்டும் பயிற்சி செய்தலைக் காணலாம். ஓட்டமும் தாவலும் அதில் இல்லை; தலைகீழாக நிற்றலும் இல்லை. 'நெஞ்சுக்கும் நரம்புக்கும் நல்லது. சித்தர்கள் காலத்திலிருந்து வருவது' என்பது இப்பயிற்சி பற்றிப் பரவலாக வழங்கும் கூற்று. இக்கூற்றின் பிற்பகுதி வரலாற்றைச் சார்ந்தது. முற்பகுதி மருத்துவத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பனபோல் பேசப்படுதலின், இரண்டனையும் பிரித்து ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி வெறும் பழம்பொருட் காட்சியன்று. பழமை என்னும் முத்திரை ஒரு பயிற்சியின்மேல் விழுந்துவிட்டால், அதனை ஐயுறுவார் அருகிவிடுவர். இரத்த அழுத்தத்திற்குரிய மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயிற்சியொன்றையே நம்பும் அளவிற்கும் அந்நம்பிக்கை சென்றுவிடக்கூடும். அன்றியும், அண்மைக் காலத்தே ஒருவர் அரிதின் முயன்று வகுத்ததை அறியப்படாத முன்னோர் தலையில் ஏற்றிவிடுதல், வகுத்தவர்க்கும் இழைக்கும் பிழையாகும்.

முதற்கண் பண்டை நூல்கள் இதுபற்றி யாது கூறுகின்றன எனக் காண்போம். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் நோயின் முதலை வளி முதலிய மூன்றன் மிகுதி குறைவுகளிற் காண்கின்றது. அதன் குறட்பாக்களிற் பெரும்பாலன உணவின் அளவையும் செரிமானத்தையுமே பேசுகின்றன. எஞ்சியவை மருத்துவனையும் நோயாளியையும் பற்றியன. உடற்பயிற்சி பற்றி அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. இதனைக் குறையென்று கொள்ளுதல் பொருந்தாது. உழவும் நடையும் நாள்தோறும் உடலை வருத்திய காலத்தில், வருத்தத்தைத் தனியே ஒரு பயிற்சியாக விதிக்க வேண்டிய தேவை எழுந்திராது.

முதுமையைப் பற்றிச் சங்கச் சான்றோர் பாடியவை சில உள. அவற்றுள் பிசிராந்தையாரின் புறப்பாட்டு (புறநானூறு 191) நம் பொருளோடு நெருங்கியது. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று வினவியோர்க்கு அவர் கூறும் விடையில் மருந்தும் இல்லை, பயிற்சியும் இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் கருதியதையே கருதும் ஏவலர், தீயன செய்யாது காக்கும் வேந்தன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் என அவர் காரணம் அடுக்குகின்றார். கவலையின்மையே இளமையின் காப்பு என்பது அவர் கண்ட முடிபு. இதனை இக்கால நரம்பியலின் முன்னறிவிப்பாகக் காட்டுவார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. புலவர் தம் வாழ்வைக் கூறினார்; உடலியங்கியல் கூறவில்லை.

நடைபற்றித் தெளிவாக விதிக்கும் நூலொன்றைச் சித்த மருத்துவ மரபிற் காண்கின்றோம். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகாவிதி, உண்டபின் குறுநடை கொள்ளுதலை நாள் ஒழுக்கத்துள் ஒன்றாக வைக்கின்றது. பகலுறக்கத்தை விலக்குகின்றது, எண்ணெய் முழுக்கை வற்புறுத்துகின்றது. மென்மையான உடலியக்கத்தை நோய்த்தடுப்பாகக் கூறும் தமிழ்ப் பனுவல் வேண்டுமாயின், யோக நூல்களினும் இதனையே முதலில் எடுத்துக்காட்டல் தகும். ஆயினும், திருப்பூர் மன்றங்களிற் சித்தர் பெயர் கேட்கும் அளவிற்குக் குறுநடை விதி பேசப்படுவதில்லை. எளிமையான விதிக்குப் பெருமை குறைவு போலும்.

இனி யோக நூல்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைப்பது. ஆதனமும் மூச்சடக்கமும் அங்கு முறையே கூறப்படுகின்றன. காயசித்தி உபாயம் என்ற பகுதியில் உடம்பைப் பேணும் கருத்தும் வருகின்றது. எனவே உடலைப் புறக்கணித்த நூல் என்று அதனைக் கூறுதல் இயலாது. ஆனால் அங்குக் கூறப்படும் மூச்சுமுறை சிவனடி கூடும் நோக்குடைய சாதகனுக்கு ஆசிரியன் வழி அளிக்கப்படுவது. மூட்டுத் தேய்ந்து, படியேற மூச்சு வாங்கும் அறுபது வயதினர் ஒருவரை எண்ணி வகுத்ததன்று. நூலின் நோக்கம் வேறு, கேட்போர் வேறு, பயன் வேறு. ஒரு சொல் பொதுவாக இருத்தல்பற்றி மூன்றும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

சொல்லென்றமையின், இவ்வாய்வின் நடுப்பொருளாகிய இரு சொற்களை ஈண்டு நோக்குவோம். நரம்பு என்பது பழந்தமிழில் யாழின் நரம்பு. அன்றியும் உடலில் தோலின்கீழ்ப் புடைத்துத் தோன்றும் குழாயும் நரம்பு எனப்பட்டது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறப்பாட்டில் (புறநானூறு 278) மகனைப் போருக்கு அனுப்பிய முதியவளின் வற்றிய தோளில் எழுந்து நிற்பதாக நரம்பு கூறப்படுகின்றது. அங்குக் கண்ணுக்குத் தெரிவது குருதிக் குழாயே. இக்கால மருத்துவர் நரம்பென்று கூறும் உணர்ச்சிக் கயிறு அன்று. பேச்சு வழக்கில் இப்பொருள் இன்றும் மறையவில்லை. சிரையில் செலுத்தும் மருந்தை 'நரம்பு ஊசி' என்றே மக்கள் வழங்குகின்றனர். மேலை மருத்துவம் தமிழில் எழுதப்பெறத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் பயிற்றியமை அவ்வரலாற்றில் முதன்மையானது. அந்நூற்றாண்டு தொடங்கி வளர்ந்த மருத்துவத் தமிழிலேதான் நரம்பு என்பது மூளையினின்று செல்லும் உணர்ச்சிக் கயிற்றுக்கே உரியதாக மெல்ல மெல்ல வரையறை பெற்றது. எனவே, பழைய பனுவலில் நரம்பு என்னும் சொல்லைக் கண்டவுடன் இன்றைய நரம்பு மண்டலத்தைக் கண்டதாகக் கருதுதல் தவறு.

நாடி என்னும் சொல்லோ இன்னும் விரிந்தது. மணிக்கட்டில் மருத்துவன் மூன்று விரல் வைத்து உணர்வதும் நாடி. உடம்பினுள் உயிர்க்காற்று இயங்கும் எழுபத்தீராயிரம் வழிகள் என யோக நூலார் கூறுவதும் நாடி. முன்னது நெஞ்சத் துடிப்பு. பின்னது கண்ணுக்குப் புலனாகாத நுண்வழி. ஒரு சொல் இரண்டனையும் சுட்டுதலால், நெஞ்சும் நரம்பும் ஒன்றோடொன்று பிணைந்தன என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடைகளிற் பேசப்படுகின்றது. பிணைப்பு உண்மையே, அதனைக் கீழே காட்டுவோம். ஆனால் ஒரு சொல்லின் இருபொருள் அதற்குச் சான்றாகாது.

மென்பயிற்சி முதியோர்க்குரியதாக வகுக்கப்பெற்ற காலம் 20ஆம் நூற்றாண்டு என்பதே எம் துணிபு. தமிழ்நாட்டில் இதற்கு இரு கிளைகள் உள. ஒன்று சென்னையைச் சார்ந்தது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933 முதல் மைசூர் அரண்மனை யோகசாலையில் இளைஞர்க்கு விரைவும் கடுமையும் மிக்க ஆதனங்களைப் பயிற்றியவர். 1952ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்தபின் அவரிடம் வந்தோர் பலர் நோயாளரும் நடுவயது கடந்தோரும் ஆவர். பக்கவாதம் கண்ட சட்ட அறிஞர் ஒருவரின் பொருட்டே அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார் என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். மாணாக்கன் மாறவே முறையும் மாறியது; ஆதனம் மூச்சிற்கு இயைந்து மெலிந்தது. அவர் மைந்தர் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய யோக மந்திரம் இம்முறையைத் தொடர்ந்து வளர்த்தது.

மற்றொன்று கொங்கு நாட்டில் வேரூன்றியது. நம் பொருளுக்கு அதுவே நேரானது. இதனை வகுத்தவர் துறவியர் மடத்தில் வளர்ந்தவர் அல்லர், தறியில் வளர்ந்தவர். செங்கற்பட்டுப் பகுதியில் கூடுவாஞ்சேரியில் 14-8-1911இல் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, கைத்தறித் தொழிலை நடத்திப் பலர்க்கு வேலை தந்தவர்; சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவங்களையும் பயின்றவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் அமைந்தது. அவர் 28-3-2006இல் மறைந்தார். ஆழியாறு உடுமலைக்கும் பல்லடத்திற்கும் அணித்தாதலின், இம்முறை திருப்பூர்ப் பகுதியில் எளிதிற் பரவிற்று. அவருடைய மெய்ப்பொருட் கொள்கை நம் ஆய்வுக்குப் புறம்பானது. உடற்பயிற்சி ஒன்றனையே எடுத்துக்கொள்கின்றோம்.

ஒரு நூலின் காலத்தை அதன் சொல்லாட்சி கொண்டு கணித்தல் நமக்குப் பழகிய முறை. அம்முறையை ஒரு பயிற்சியின்மேல் செலுத்திப் பார்த்தால் என்ன? எளியமுறை உடற்பயிற்சி என்னும் இத்தொகுப்பின் உறுப்புகள் வருமாறு பெயர் பெறுகின்றன: கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்துதல். கை, கால், கண் என வரும் பெயர்கள் தூய தமிழ், எக்காலத்தும் பிறந்திருக்கலாம். 'நரம்பு தசைநார்' என்னும் தொடர் மேலை உடற்கூற்றியலைக் கற்ற தமிழன்றி வேறு தமிழ் ஆக்கியிராது. மேலே நரம்பு பற்றிக் கூறியதை ஈண்டு நினைக. அக்குபிரஷர் என்பது இந்நாட்டுச் சொல்லே அன்று. சீன மருத்துவக் கருத்தொன்று ஐரோப்பிய மொழிப் பெயரில் வந்தது. கபாலபதி அடயோகப் பிரதீபிகை கூறும் அறுவகைத் தூய்மைச் செயல்களுள் ஒன்று. அந்நூல் 15ஆம் நூற்றாண்டினது என்பர். மகராசனம் கேரண்ட சங்கிதையில் உள்ளது. ஆனால் அங்கே குப்புறப் படுத்தலாகக் கூறப்படுவது, இங்கே மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் எதிரெதிர்ப் புறம் திருப்புவதாக மாறிவிட்டது. பெயர் பழையது, செயல் புதியது. தொகுப்பு முழுமையும் செய்து முடிக்க ஏறத்தாழ அரைமணி போதும்.

ஆகவே இப்பயிற்சி பல படிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிலம் போன்றது. சித்தர் தந்தது என முழுமையாகக் கூறுதற்கு இடமில்லை. பல மரபினின்றும் மென்மையானவற்றையே தேர்ந்து, கடியன நீக்கி, இல்லறத்தார் வீட்டுத் தரையில் செய்தற்கு ஏற்ப ஒருவர் தொகுத்தார் என்பதே வரலாறு. தொகுத்தவர் நெசவாளர் என்பதை நாம் ஒரு தற்செயலாகக் கருதவில்லை. குழித்தறியில் அமர்ந்தவன் காலால் மிதியை மிதித்து, கையால் நாடாவைச் செலுத்தி, கண்ணால் பாவின் அறுந்த இழையை நோக்கி நாளெல்லாம் இயங்குவான். கைத்தறி வீட்டில் முதியோர்க்கும் வேலையுண்டு: தார் சுற்றுவர், சிக்கெடுப்பர். தெருவில் பாவு ஓடும்போது நடத்தலும் குனிதலும் உண்டு. கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என உறுப்பு உறுப்பாக உடலைப் பிரித்துக் கண்ட நோக்கு தறியறிந்தவர்க்கு இயல்பாகவே தோன்றியிருக்கலாம் எனக் கருதுகின்றோம்.

திருப்பூரும் முன்னர்க் கைவேலையூரே. அகில இந்திய நூற்போர் சங்கம் 1925இல் தோன்றியபின் தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கு இவ்வூர் பெரும் நடுவமாக விளங்கிற்று. சுற்றுச் சிற்றூர்களில் முதிய பெண்டிரும் இராட்டை சுற்றினர். பின்னலாடைத் தொழில் 1920களிலேயே இங்குக் கால்கொண்டதாயினும், 1980களில் ஏற்றுமதி பெருகியபின்னரே ஊரின் உடலுழைப்பு முற்றிலும் மாறியது. பவர் டேபிளில் அமர்ந்த தையற்காரர்க்கு விரலும் பாதமும் மட்டும் இயங்கும். முதுகும் கழுத்தும் அசையா. செக்கிங், அயர்ன் வேலை செய்வோர்க்கு நாள் முழுதும் ஓரிடத்தில் நிற்றலே தொழில். அக்காலத்தில் இருபது வயதில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்தோர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டனர். பனியன் தொழிலில் உழைத்தே முதுமையுற்ற முதற் பெருந்தலைமுறை இவர்களே. எனவே இவர்களின் நெஞ்சமும் நரம்பும் எவ்வாறு காக்கப்பெறும் என்பது இன்றைய வினா.

மருத்துவச் சான்று யாது? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் குருதியின் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள. அழுத்தம் உயர்ந்தால் அவை மூளைத்தண்டிற்கு அறிவிக்க, அங்கிருந்து பத்தாம் மூளை நரம்பு வழியாக நெஞ்சத்தின் துடிப்பு தணிக்கப்படுகின்றது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் தாழ்ந்தால் எதிர்மாறாகத் துடிப்பு விரைகின்றது. முதுமையில் தமனியின் சுவர் விறைப்பேற, இவ்வுணர்ச்சி மழுங்கும். படுக்கையினின்று சட்டென எழும் முதியவர் தலைசுற்றி விழுதற்கு இஃது ஒரு காரணம். நெஞ்சும் நரம்பும் பிணைந்த பிணைப்பு இதுவே. மூச்சினைச் சீராக மெலிவித்தால் இவ்வுணர்ச்சி கூர்மையடைதல் அளந்தறியப்பட்டுள்ளது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் உடனாய்வாளரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 23 பேர் இலத்தீன் செபமாலையையும் யோக மந்திரத்தையும் தனித்தனியே ஓதினர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு அளவில் தாழ்ந்தது. அழுத்த உணர்ச்சியும் கூர்மையுற்றது. செபமாலைக்கும் மந்திரத்திற்கும் வேறுபாடு காணப்படாமை கருதத்தக்கது. பயன் மெல்லிய மூச்சின் பயனாதலின், அதற்குச் சமயமும் இல்லை, குலமரபும் இல்லை.

இந்தியாவில் 24 மருத்துவ நடுவங்களில், நெஞ்சடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரைக் கொண்டு நிகழ்ந்த பேராய்வின் முடிபு 2020இல் வெளிவந்தது. யோக வழி மறுவாழ்வுப் பயிற்சி பெற்றோர் தம் உடல்நிலையை மேம்பட்டதாக உணர்ந்தனர்; நோய்க்கு முன்னிருந்த அன்றாடச் செயல்களுக்கு மிகுதியாகத் திரும்பினர். ஆயின் இறப்பும் மீண்டும் நெஞ்சடைப்பும் போன்ற பெருந்தீங்குகள் குறைந்தன என உறுதியாகக் கூறுதற்கேற்ற வேறுபாடு கிட்டவில்லை. இம்முடிபின் இரு பகுதிகளையும் சேர்த்தே கூறுதல் நேர்மை. மேடையில் முற்பகுதியே கேட்கப்படுகின்றது. இவர்களெல்லாம் மருந்தோடு பயிற்சி செய்தவர்கள், மருந்தை விட்டுச் செய்தவர்கள் அல்லர் என்பதும் மறக்கற்பாலதன்று. மேலும், மென்பயிற்சித் தொகுப்பிலும் எல்லாம் மென்மையன அல்ல. மூச்சை விரைந்து வெளித்தள்ளும் கபாலபதி உயர் அழுத்தமும் நெஞ்ச நோயும் உடையோர் மருத்துவர் கருத்தின்றிச் செய்யத்தக்கதன்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த நெறியின்படி, 65 வயது கடந்தோர் கிழமைதோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ளுதல் வேண்டும். அதனோடு மூன்று நாளேனும் உடற்சமநிலையைப் பேணும் பயிற்சி வேண்டும். இவ்விரண்டாவது விதியே நம் கவனத்திற்குரியது. அமர்ந்தும் படுத்தும் செய்யும் பயிற்சிகளில் மூச்சிற்கு நலம் உண்டு. கால் மாற்றி நிற்கும் சமநிலைக்கு அவை போதா. தேரையர் மரபின் குறுநடை இக்குறையை ஓரளவு நிரப்பும்.

அதனினும் நன்கு நிரப்புவது ஒன்று கொங்கு நாட்டிலேயே உளது. அதனை எவரும் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளிக்கும்மியில் ஆடுவோர் வட்டமாக நின்று, அடி முன்வைத்தும் பின்வாங்கியும், உடல் திருப்பியும், பாட்டின் தாளத்திற்குக் கைகொட்டியும் நெடுநேரம் இயங்குவர். பாடிக்கொண்டே ஆடுதலின் மூச்சு தானே பாட்டின் அளவிற்குள் அடங்கும். யோகத்திற்குத் தேடும் பழமையை நாட்டார் ஆட்டத்திற்குத் தேடாமை நம் கல்வியுலகின் பழைய குறை. ஏட்டில் இருப்பதே மரபு, காலில் இருப்பது பொழுதுபோக்கு என்று நெடுங்காலம் எண்ணிவிட்டோம். ஆடவர்க்கே உரியதாக இருந்த இவ்வாட்டத்தைப் பெண்டிர்க்கும் பயிற்றிய கோவைப் பகுதி ஆசான் பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு அகவை 87.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். பனியன் தொழிலாளர் வேலையை மணியால் அன்றி ஷிப்டால் எண்ணுவர். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் புகுந்தவர் இரவு எட்டு மணிக்கு மேலும் உள்ளிருப்பார் என்பது பொருள். விடியற்காலை மன்றத்திற்கு வருவோருள் தொழில் விட்டு ஓய்ந்தோரும் கடையுடையோரும் மிகுதியாக இருத்தலின் காரணம் இதுவே. அறுபதிலும் வேலையை விடவியலாதவர்க்கு அரைமணியும் அரிது. தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரை வீட்டிற்கே செல்கின்றது. இயன்முறைப் பயிற்சியும் அதனுள் அடங்கும். மாத்திரை கொண்டு செல்லும் அப்பணியாளர் ஒருவரே குறுநடையையும் மெல்லிய மூச்சையும் கற்பிக்க இயலும். கும்மிக்கோ தனிப்பொழுது ஒதுக்க வேண்டியதில்லை. சிற்றூர்களில் அதன் பயிற்சி, வேலை முடிந்தோர் வீடு திரும்பிய பின்னர், இரவு விளக்கொளியில் கோயில் திடலில் நிகழ்கின்றது.